சிங்கிள் மால்ட் விஸ்கி: புட்டியைத் தேர்ந்தெடுப்பது முதல் பருகிப் பாதுகாப்பது வரை

விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடையில் விஸ்கி அலமாரிக்கு முன்னால் நிற்பவர்களைச் சற்று நேரம் கவனித்தால், பெரும்பாலோர் இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதைக் காணலாம். ஒன்று வயது, மற்றொன்று விலை. 18 என்று அச்சிட்ட புட்டி 12ஐ விட மேலானது என்றும், விலை இரு மடங்கானால் சுவையும் இரு மடங்காகும் என்றும் கருதிக்கொள்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் கோப்பைக்குள் இறங்கப்போகும் சுவையைப் பற்றி அந்த இரண்டு எண்களும் சொல்வது மிகக் குறைவு. எந்தப் பீப்பாயில் கிடந்தது, தானியம் எவ்வளவு புகை பட்டது, புட்டியில் அடைக்கும்போது எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள் என்பவை தெரிந்தால், மூடியைத் திறக்காமலே பெரும்பகுதியை ஊகித்துவிடலாம். மது அருந்தாதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை; அருந்துபவர் குறைவாகவும் நிதானமாகவும் அருந்துவதற்கே இங்கே சொல்லப்படும் முறை உதவும்.

முதல் படி: பெயரில் உள்ள இரண்டு சொற்கள்

‘மால்ட்’ என்பது முளைகட்டிய தானியம். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, வறுத்துத் திரிப்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தில் பார்லியை ஊறவைத்துச் சில நாள் முளைக்கவிடுகிறார்கள். முளை நீண்டு மாவுச்சத்தைத் தின்று தீர்ப்பதற்குள் சூளையில் உலர்த்தி அதை நிறுத்துகிறார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்குகிறது.

‘சிங்கிள்’ என்ற சொல்லைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஒரே பீப்பாயைக் குறிப்பதன்று; ஒரே வடிசாலையைக் குறிக்கிறது. ஒரு வடிசாலையில் வெவ்வேறு ஆண்டுகளில் வடித்த நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்து அடைத்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். ஒரே பீப்பாயிலிருந்து அடைத்ததற்கு ‘சிங்கிள் காஸ்க்’ என்று பெயர். பல வடிசாலைகளின் மால்ட்டுகளைக் கலந்தால் அது ‘பிளெண்டட் மால்ட்’. கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்து வடித்த கிரெய்ன் விஸ்கியையும் சேர்த்தால் ‘பிளெண்டட் ஸ்காட்ச்’. உலகில் விற்கும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகையே.

ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட்டுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகளின்படி அது முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டுமே, ‘பாட் ஸ்டில்’ எனப்படும் கொப்பரைகளில் வடிக்கப்பட வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாய்களில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் வீரியத்தில் அடைக்கப்பட வேண்டும். தண்ணீரையும் நிறத்துக்காகக் கேரமலையும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. 2012 நவம்பர் முதல், புட்டியில் அடைப்பதும் ஸ்காட்லாந்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் ‘விஸ்கி’ என்ற பெயரில் மலிவாக விற்பவற்றில் பல, சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விதிகள் எதைக் காக்கின்றன என்பது விளங்கும்.

இரண்டாம் படி: சுவை எங்கிருந்து வருகிறது என்று அறிதல்

புகையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் முதன்முறை பருகுபவரை மயக்குவதும் விரட்டுவதும் அதுதான். ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களில் பாசியும் செடிகொடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதும் மக்காமல் படிந்து இறுகிய மண்ணுக்குப் பீட் என்று பெயர். வெட்டிக் காயவைத்தால் வறட்டியைப் போலப் புகைந்து எரியும். மரம் அரிதான தீவுகளில் இதுவே அடுப்பெரிக்கப் பயன்பட்டது, முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் இதே புகைதான். அந்தப் புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு, வடித்த பிறகும் விஸ்கியில் தங்கிவிடுகின்றன. விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் ஏறியிருக்கும் புகை வாசனையை அறிந்தவர்கள் அதன் மென்மையான வடிவத்தை உடனே கண்டுகொள்வார்கள். கடுமையான வடிவமோ அயோடின் தடவிய பஞ்சையும் மருத்துவமனை வராந்தாவையும் நினைவூட்டும்.

ஃபீனாலின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு, பிபிஎம் என்று குறிப்பிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள வடிசாலைகளில் லாகவூலினுக்குச் சுமார் 35, லஃப்ராய்குக்கு 40 முதல் 45 வரை, ஆர்ட்பெக்குக்குச் சுமார் 55 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. (எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘இஸ்லே’ என்று வரும்; அந்தத் தீவுக்காரர்கள் சொல்வது ‘ஐலா’.) இந்த எண் உலர்த்திய தானியத்தில் அளந்ததேயன்றிப் புட்டிக்குள் இருப்பதன்று, ஊறவைத்து வடிக்கும்போது அதில் பெரும்பங்கு போய்விடும். லாகவூலினும் அதே தீவின் கல் ஈலா வடிசாலையும் ஒரே மால்ட் ஆலையிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு புகை பட்ட தானியத்தை வாங்குகின்றன. ஆனாலும் முன்னது கனமாக, இனிப்பும் புகையும் பின்னியதாக இருக்கிறது. பின்னது எலுமிச்சைத் தோலும் கடற்காற்றும் கலந்ததுபோல லேசாக இருக்கிறது. இந்த வேறுபாடு கொப்பரையில் உண்டாவது.

கொப்பரையின் வடிவம் வெறும் அலங்காரமன்று. கழுத்து உயரமாக இருந்தால் கனமான ஆவிகள் மேலே எட்ட முடியாமல் குளிர்ந்து திரும்பக் கீழே விழும். லேசானவை மட்டுமே கடந்து செல்லும். கிளென்மொராஞ்சி வடிசாலையின் கொப்பரைக் கழுத்துகள் 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை, ஸ்காட்லாந்திலேயே மிக உயரமானவை. அதன் விஸ்கி பூவும் ஆரஞ்சுமாக மெலிதாக இருப்பதற்கு அதுவே முதற்காரணம். மக்காலனின் கொப்பரைகள் குட்டையானவை, ஆகவே அங்கு வடிவது எண்ணெய்ப் பிசுக்குடன் கனமாக இருக்கும். வடியும் சாராயத்தின் தொடக்கத்தையும் இறுதியையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அந்த நடுப்பகுதியை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு வடிசாலையும் விடாமல் காக்கும் கைப்பக்குவம். புகைச் சேர்மங்கள் பெரும்பாலும் பின்னால் வருபவை என்பதால், சற்றுத் தாமதித்து நிறுத்தினால் புகை மிகும்.

இனிப் பீப்பாய். கொப்பரையிலிருந்து வருவது தண்ணீர் போன்ற நிறமற்ற சாராயம். விஸ்கியின் நிறமும் சுவையில் பெரும்பங்கும் மரம் தருபவை. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் இட வேண்டும். எனவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் அங்கே ஏராளமாக மிஞ்சி, ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. சுமார் 200 லிட்டர் கொள்ளும் இவற்றில் கிடந்த விஸ்கி வனிலா, தேங்காய்ப்பால், தேன் வாசனை கொண்டு வெளிர்ப் பொன்னிறத்தில் இருக்கும். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் கிடந்த, 500 லிட்டர் வரை கொள்ளும் பீப்பாய்களோ உலர்திராட்சை, பேரீச்சை, கிராம்பு, கருப்பட்டிப் பாகு என்று வேறொரு திசையில் இழுத்துச் செல்லும். முற்காலத்தில் ஷெர்ரியைப் பீப்பாயோடு பிரிட்டனுக்கு அனுப்பினார்கள், காலியானதை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980களில் ஸ்பெயினிலேயே அடைத்து அனுப்ப வேண்டும் என்று ஆனபின், விஸ்கிக்கென்றே ஷெர்ரி ஊற்றி ஊறவைத்த பீப்பாய்களை ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. ஷெர்ரிப் பீப்பாய் விஸ்கியின் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: லேபிளைப் படித்தல்

முதலில் சதவீதத்தைப் பாருங்கள். 40 என்பது சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவு. பல நிறுவனங்கள் செலவு கருதியே அங்கே நிறுத்துகின்றன. என் அனுபவத்தில் 43க்கு மேல் சுவை திரளத் தொடங்குகிறது, 46 நல்ல அளவு. 46 என்ற எண்ணுக்கு வேறொரு காரணமும் உண்டு. வீரியம் குறைந்த விஸ்கியைக் குளிர்வித்தாலோ தண்ணீர் சேர்த்தாலோ அதிலுள்ள கொழுப்புச் சேர்மங்கள் கலங்கலாகத் தெரியும். வாங்குபவர் குறை சொல்வாரோ என்று அஞ்சி, விஸ்கியைக் குளிர்வித்து அவற்றை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். அவற்றோடு வாயில் படியும் வழவழப்பிலும் கொஞ்சம் போய்விடுகிறது. 46க்கு மேல் கலங்கல் எளிதில் தோன்றாது என்பதால் அந்த வடிகட்டலைத் தவிர்க்க முடியும். ஆர்ட்பெக் 10, புன்னஹாவென் 12 ஆகியவற்றின் லேபிளில் ‘நான்-சில் ஃபில்டர்ட்’ என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ என்றால் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது. 55 முதல் 60 சதவீதம் வரை இருக்கலாம். முதல் புட்டியாக அதை வாங்க வேண்டாம்.

வயது என்பது அந்தப் புட்டியில் கலந்துள்ளவற்றில் மிக இளைய விஸ்கியின் வயது. புட்டிக்குள் அடைத்தபின் அது ஏறாது; தாத்தா வாங்கி வைத்த 12 இன்றும் 12தான். நீண்ட காலம் கிடப்பது எப்போதும் நன்மையும் அன்று. புகை ஆண்டுகள் செல்லச் செல்லத் தணியும், ஆகவே கடும்புகையை விரும்புபவருக்கு 10 வயதுப் புட்டி 25 வயதுப் புட்டியை விட நிறைவு தரும். பலமுறை பயன்பட்டுச் சோர்ந்த பீப்பாயில் 18 ஆண்டு கிடந்ததை விடத் துடிப்பான பீப்பாயில் 10 ஆண்டு கிடந்தது மேல்.

பெங்களூரின் அம்ருத் வடிசாலை இதற்கு நேரடிச் சான்று. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. அதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். பெங்களூரின் வெப்பத்தில் இந்த இழப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகிறது. இழப்பு பெரிதானாலும் மரத்தோடு சாராயம் கொள்ளும் உறவும் அதே வேகத்தில் நடப்பதால், நான்கைந்து ஆண்டுகளில் விஸ்கி முதிர்ந்துவிடுகிறது. தன்னிடம் நெடுங்காலம் தாக்குப்பிடித்த அரிய பீப்பாய்களின் விஸ்கிக்கு அம்ருத் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, அதாவது பேராசைக்காரத் தேவதைகள், என்று பெயரிட்டது பொருத்தமான குறும்பு. 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை அந்த நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுசென்ற இடம் கிளாஸ்கோ நகரம்: திருநெல்வேலியில் போய் அல்வா விற்ற துணிச்சல்.

நிறத்தை நம்பாதீர்கள். கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதால், அடர்நிறம் பீப்பாயின் புகழாகவும் இருக்கலாம், வெறும் சாயமாகவும் இருக்கலாம். ‘நேச்சுரல் கலர்’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நிறத்திலிருந்து எதையாவது ஊகிக்கலாம்.

நான்காம் படி: முதல் மூன்று புட்டிகள்

ஸ்காட்லாந்தைச் சட்டம் ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, கேம்பல்டவுன், ஐலா என்று ஐந்தாகப் பிரிக்கிறது. ஸ்பேசைடு என்றால் பழவாசம், ஐலா என்றால் புகை என்று பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஐலாவின் புன்னஹாவென் 12இல் புகை ஏறக்குறைய இல்லை. ஹைலேண்டின் ஆர்ட்மோர் புகையோடுதான் வருகிறது. பகுதியை விடப் பாணியை வைத்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

போர்பன் பீப்பாயில் முதிர்ந்த, புகையில்லாத ஒன்றில் தொடங்குங்கள். கிளென்மொராஞ்சியின் அடிப்படைப் புட்டியோ கிளென்லிவெட் 12ஓ போதும். 1824இல் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்றுத் தொடங்கியது கிளென்லிவெட். சிங்கிள் மால்ட்டை 1963 முதல் ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்கத் தொடங்கியது கிளென்ஃபிடிக். மிகப் பரவலாகக் கிடைக்கின்றன என்பதாலேயே இவற்றை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவதாக ஷெர்ரிப் பீப்பாயைச் சார்ந்த கிளென்ட்ரோனக் 12 போன்ற ஒன்றை வாங்குங்கள். மூன்றாவது புகைக்கானது. நேரே லஃப்ராய்குக்குப் போகாமல், ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 வழியாகச் செல்லலாம்: புகையும் மிளகுக் காரமும் உப்பும் கலந்த அது கடுமைக்கும் மென்மைக்கும் நடுவே நிற்கிறது. உள்நாட்டிலேயே வாங்க விரும்புபவருக்கு அம்ருத் ஃப்யூஷன் உகந்தது. இந்திய பார்லியையும் புகை பட்ட ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்து, 50 சதவீதத்தில் அடைத்தது. சற்றுத் தண்ணீர் கேட்கும்.

முழுப் புட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், நல்ல பாரில் 30 மி.லி. ஸ்மால் ஒன்றைச் சுவைத்துப் பார்ப்பதும், 50 மி.லி. மினியேச்சர் கிடைத்தால் வாங்குவதும் சிக்கனமான வழி. மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு பாணியை வாங்கிப் பகிர்ந்துகொள்வது அதைவிடச் சிறந்தது.

ஐந்தாம் படி: பருகுதல்

அகன்ற வாயுள்ள கிளாஸில் மணம் கலைந்துவிடும். அடி பருத்து வாய் குவிந்த கிளென்கெய்ர்ன் போன்ற கிளாஸ் மணத்தைச் சேர்த்து மூக்குக்கு அனுப்பும். அது இல்லாவிட்டால் சிறிய ஒயின் கிளாஸே போதும். சோப்பு வாசனை அறவே இல்லாதபடி வெந்நீரில் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு நூல்கள் எல்லாம் ‘அறை வெப்பநிலையில் பருகுக’ என்கின்றன. அவர்கள் அறை 18 டிகிரியில் இருக்கும். சென்னையில் மே மாத அறை 33 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கைக் குத்துமே தவிர, வேறெந்த மணமும் தெரியாது. கால் மணி நேரம் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தெடுத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இதை அறியாமல் பல மாதங்கள் நான் எல்லா விஸ்கியும் ஒரே எரிச்சலாகத்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

25 அல்லது 30 மி.லி. ஊற்றி ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல், விளிம்புக்குச் சற்று மேலே பிடித்து, வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். பிறகு அரைத் தேக்கரண்டி அளவு மட்டும் வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி பத்து விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட்டால், அதுவரை ஒளிந்திருந்த மணங்கள் பின்பக்கமாக ஏறி வரும். பின்சுவை என்பது அதுதான்.

இரண்டாம் மிடறுக்குப் பிறகு தண்ணீர். தண்ணீரே சேர்க்காமல் ‘ரா’வாகக் குடிப்பதை வீரமாகக் கருதுபவர்கள் உண்டு, விஸ்கியைக் கலக்கும் தொழில் வல்லுநர்களோ தண்ணீர் சேர்த்தே சோதிக்கிறார்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், புகைமணம் தரும் குவாயகால் என்ற சேர்மம் வீரியம் மிகுந்த கலவையில் உள்ளே புதைந்திருப்பதையும், நீர் கூடும்போது மேற்பரப்பை நோக்கி வருவதையும் கணினி உருவகத்தில் காட்டினார்கள். 46 சதவீத விஸ்கி 30 மி.லி. இருந்தால், ஒரு தேக்கரண்டி தண்ணீர் அதை ஏறக்குறைய 40க்குக் கொண்டுவந்துவிடும். 60 சதவீத விஸ்கிக்கு அதே அளவை எட்ட 15 மி.லி. தேவைப்படும். சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். மூடியிருந்த பெட்டியைத் திறந்ததுபோல மணம் விரியும் ஒரு கட்டம் வரும், அங்கே நிறுத்திவிட வேண்டும். குளோரின் வாசனையுள்ள குழாய்த் தண்ணீர் கூடாது. சாதாரணக் கேன் தண்ணீர் போதும்.

ஐஸ் குற்றமன்று, ஆனால் குளிரில் மணம் அடங்கிவிடும். சோடாவும் கோலாவும் ஊற்றத்தான் வேண்டுமென்றால் பிளெண்டட் விஸ்கியே போதுமே! சிப்ஸ், மிளகாய்த்தூள் தூவிய கடலை, சிக்கன் 65 போன்ற வழக்கமான சைட் டிஷ்களும் அப்படித்தான். காரம் நாக்கை ஆக்கிரமித்தபின் விஸ்கி வெறும் எரிச்சலாகிவிடும். வறுத்த முந்திரி, கசப்புச் சாக்லேட், பேரீச்சை ஆகியவை நன்கு ஒத்துப்போகும். ஒன்றுக்கு மேல் சுவைப்பதானால் புகையில்லாததில் தொடங்கிப் புகையுள்ளதில் முடியுங்கள். ஆர்ட்பெக்குக்குப் பின் கிளென்லிவெட் வெறும் தண்ணீராகத்தான் தெரியும்.

ஆறாம் படி: சொந்தச் சொற்களில் குறித்தல்

விஸ்கி விமர்சனங்களில் வரும் ஹெதர் பூவையும் நெல்லிக்காய் ஜாமையும் தேடி அலைய வேண்டாம். அவை ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் சமையலறையும் தோட்டமும். நமக்குத் தெரிந்த மணங்கள் வேறு. கிளென்ட்ரோனக்கில் நான் கண்டது, சித்திரை மாதத்தில் பானகத்துக்காகச் சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கரைத்த வெல்லம். லஃப்ராய்கில் சாம்பிராணி அணைந்தபின் தங்கும் கரியும், காயத்துக்குப் போடும் மருந்தும். ஒரு சிறு நோட்டில் தேதி, பெயர், சதவீதம், சேர்த்த தண்ணீர், மூக்குக்கு முதலில் எட்டியது என்ன என்ற அளவில் இரண்டு வரி எழுதினால் போதும். பத்துப் பக்கம் நிரம்பியதும் எந்தப் பீப்பாய் உங்களுக்கு உகந்தது என்பது தானே புலப்பட்டுவிடும். அதன்பின் கடைக்காரர் என்ன சொன்னாலும் கை சரியான புட்டிக்கே செல்லும்.

ஏழாம் படி: திறந்த புட்டியைப் பாதுகாத்தல்

வெயில் படாத அலமாரி, சமையலறைச் சூட்டுக்குத் தொலைவான இடம், புட்டி எப்போதும் நின்ற நிலை: இவ்வளவுதான் விதி. பாதிக்குக் கீழே இறங்கிய புட்டியில் காற்று மிகுந்து, சில மாதங்களில் மணம் மங்கத் தொடங்கும். புகை விஸ்கியில் இது விரைவாகத் தெரியும். மிஞ்சியதைச் சிறிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி விளிம்பு வரை நிரப்பிவைத்தால் மங்கல் தாமதப்படும்.

நின்ற நிலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒயினைப் போலவே இதையும் படுக்கவைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு நல்ல புட்டியை ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த நிலையில் வைத்திருந்தேன். ஒயினின் ஆல்கஹால் 12, 13 சதவீதம், விஸ்கியினது 46. அது தக்கையை ஊறவைத்து அரித்துவிட்டது. விருந்தினர் முன்னிலையில் திருகியபோது மூடி மட்டும் கையோடு வந்தது, தக்கை கழுத்திலேயே பாதியாக முறிந்து நின்றது. குச்சியால் உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் நிற்காத பொடித் துகள்களை நான்காக மடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் வடித்தெடுத்தோம். குடிக்க முடிந்தது, ஆனால் ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை கடைசிவரை போகவில்லை. அதிலிருந்து, தீர்ந்துபோன புட்டிகளின் நல்ல தக்கைகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டுவைக்கிறேன். எந்தப் புட்டியின் தக்கை முறிந்தாலும், அவற்றில் ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.